காசியில் மாலைப் படகு: முதன்முறை போகிறவர்களுக்கு

காசிக்குப் போய்வந்தவர்களிடம் கங்கையில் படகு ஏறினீர்களா என்று கேட்டால், "ஏறினோமே, ஆரத்தி பார்த்தோம்" என்பார்கள். விசாரித்தால், இருட்டிய பிறகு தசாஷ்வமேத் காட்டில் (காட் என்றால் படித்துறை) படகேறி, அங்கேயே மற்ற படகுகளுக்கு நடுவே அசையாமல் உட்கார்ந்து, ஆரத்தி முடிந்ததும் அதே படியில் இறங்கியிருப்பார்கள். ஆரத்தி பார்க்க வேண்டியதுதான். ஆனால் படகு அதற்கு மட்டும் என்றால் ஊரில் பாதியை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். காசி ஆற்றைப் பார்த்துக் கட்டிய ஊர். அரண்மனைகள், மடங்கள், கோயில்கள் எல்லாவற்றின் முகமும் தண்ணீர்ப் பக்கம் இருக்கிறது. தெருவில் நடப்பவருக்கு அவற்றின் முதுகும் சந்தும்தான் தெரியும்.

அதனால் என் யோசனை இதுதான்: வெளிச்சம் இருக்கும்போதே அஸி காட்டில் ஏறுங்கள். தெற்கிலிருந்து வடக்காக மெதுவாக வாருங்கள். ஆரத்தியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் படகு ஏறுவதிலிருந்து இறங்குவது வரை இரண்டரை மணி நேரம் போதும்.

முதலில் ஆற்றின் போக்கு

கங்கை காசியில் வடக்கு நோக்கி ஓடுகிறது. ஊர் முழுக்க மேற்குக் கரையில். எதிரே கிழக்குக் கரையில் மணல்திட்டுதான், கட்டடம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அஸி காட்டிலிருந்து ராஜ்காட் வரை பிறை வடிவில் வளைந்து, 6 முதல் 7 கிலோமீட்டர் நீளத்துக்குப் படித்துறைகள். கணக்கு சொல்லும்போது 84 என்பார்கள்.

இதைத் தெரிந்துகொண்டால் இரண்டு விஷயம் புரியும். ஒன்று, அஸியிலிருந்து கிளம்பினால் நீரோட்டத்தோடு போகலாம். துடுப்புப் படகு என்றால் இது பெரிய வித்தியாசம். எதிர்த்திசையில் வந்தால் படகுக்காரர் மூச்சு வாங்குவார், உங்கள் நேரமும் போய்விடும். இரண்டு, மாலையில் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்குகிறது. ஆற்றில் சூரிய அஸ்தமனம் பார்க்கலாம் என்று வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். சூரியன் நீரின் மேல் தெரிய வேண்டுமானால் விடியற்காலையில் வரவேண்டும். மாலைக்கு வேறு அழகு: படித்துறைகள் சீக்கிரமே நிழலுக்குள் போகும், எதிர்க்கரை மணல் மட்டும் கொஞ்ச நேரம் மஞ்சளாக மின்னும், அப்புறம் ஒவ்வொரு காட்டாக விளக்கு ஏறும். பௌர்ணமியை ஒட்டிப் போனால் சூரியன் மறையும் நேரத்துக்கே அந்த மணல்திட்டுக்கு மேல் நிலா வரும். தேதி உங்கள் கையில் இருந்தால் பஞ்சாங்கத்தைப் பார்த்து டிக்கெட் எடுங்கள்.

எந்த மாதம், எத்தனை மணி

அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல காலம். டிசம்பர், ஜனவரியில் குளிர் நம்மவர்களுக்குக் கடுமையாகத்தான் இருக்கும். பகலில் வெயில் அடிக்கிறதே என்று ஸ்வெட்டரை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். இருட்டியதும் ஆற்றுக் காற்று காதுக்குள் போகும். மப்ளர் கட்டாயம். சில நாள் மூடுபனியில் எதிரே இருக்கும் படகே தெரியாது. ஏப்ரல் முதல் ஜூன் வரை பகல் 40 டிகிரியைத் தாண்டும். ஆனால் அந்தக் காலத்தில் ஊரிலேயே கொஞ்சம் மூச்சு விடக்கூடிய இடம் மாலைப் படகுதான்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை நிச்சயம் சொல்ல முடியாது. கங்கை ஏறினால் படித்துறைகள் முழுகும், ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கரையோரம் நடக்கக்கூட முடியாது. நிர்வாகம் படகுகளை நிறுத்திவிடும். ஆரத்தியும் படியிலிருந்து மேலே, கட்டடத்தின் மாடிக்குப் போய்விடும். அப்படி நிறுத்தியிருக்கும்போது "நான் கூட்டிப்போகிறேன்" என்று யாராவது ரகசியமாகக் கூப்பிட்டால் போகாதீர்கள். வெள்ளக் கங்கையின் வேகம் கரையிலிருந்து பார்த்தால் தெரியாது.

நேரக் கணக்கு எளிது. ஆரத்தி குளிர்காலத்தில் மாலை 6 மணியை ஒட்டியும், கோடையில் 7 மணியை ஒட்டியும் தொடங்கும். முக்கால் மணி நேரம் நடக்கும். அன்றைய நேரத்தைத் தங்கும் இடத்தில் கேட்டுக்கொண்டு, அதிலிருந்து ஒன்றரை மணி நேரம் பின்னால் போங்கள். அதுதான் நீங்கள் அஸியில் படகில் உட்கார வேண்டிய நேரம். டிசம்பரில் சூரியன் மாலை 5.15-க்கு முன்பின்னாகவே மறைந்துவிடும், நம்மூரைவிடச் சீக்கிரம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தூக்கம் போடலாம் என்று நினைத்தால் போச்சு.

தேவ் தீபாவளி என்று ஒரு நாள் உண்டு. தீபாவளிக்குப் பதினைந்தாம் நாள், பௌர்ணமி அன்று, எல்லாப் படித்துறைகளிலும் அகல்விளக்கு வரிசை வைப்பார்கள். பார்க்கக் கண்கொள்ளாது, உண்மைதான். ஆனால் முதன்முறை போகிறவர்களுக்கு, அதுவும் வயதானவர்களையோ குழந்தைகளையோ கூட்டிப்போகிறவர்களுக்கு, அந்த நாளை நான் சொல்லமாட்டேன். படகுக் கூலி பல மடங்கு, கூட்டம் அதைவிட அதிகம்.

எந்தப் படகு

சின்னத் துடுப்புப் படகு, மோட்டார் படகு, மேல்தளம் வைத்த பெரிய பஜ்ரா, இருக்கை எண்ணோடு டிக்கெட் போடும் சொகுசுக் கப்பல் என்று நான்கு வகை.

நான்கைந்து பேர் என்றால் துடுப்புப் படகுதான் என் தேர்வு. சத்தம் இல்லை, கரையை ஒட்டிப் போகும், நிறுத்தச் சொன்ன இடத்தில் நிற்கும். ஆனால் மெதுவாகத்தான் போகும். அஸியிலிருந்து தசாஷ்வமேத் வரையிலான சுமார் 3 கிலோமீட்டருக்குத்தான் அது சரி. அதற்கும் வடக்கே, சிதை எரியும் மணிகர்ணிகா காட்டைத் தாண்டி, பஞ்சகங்கா காட் வரை பார்க்க ஆசை என்றால் மோட்டார் படகு எடுங்கள். பழைய டீசல் இஞ்சின் படகில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, புகை வேறு. இப்போது பல படகுகள் சிஎன்ஜிக்கு மாறிவிட்டன, அப்படி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்கள், கழிப்பறை அடிக்கடி தேவைப்படுபவர்கள் இருந்தால் கப்பலே நல்லது. முன்பதிவு செய்துகொள்ளலாம், பேரம் இல்லை, உள்ளே கழிப்பறை இருக்கும். பெரும்பாலும் அஸிக்குத் தெற்கே ரவிதாஸ் காட்டிலிருந்தோ, வடக்குக் கோடியில் நமோ காட்டிலிருந்தோ கிளம்பும். வண்டியில் ஏறக்குறைய கரை வரை போய்விடலாம். குறை என்னவென்றால், கப்பல் நட்டாற்றில்தான் போகும். படித்துறை கொஞ்சம் தூரத்துக் காட்சியாகிவிடும்.

சிறு படகு எதிலும் கழிப்பறை கிடையாது. ஆரத்தி நேரத்தில் நடுவில் மாட்டிக்கொண்டால் இறங்கவும் வழி இருக்காது. ஏறுவதற்கு முன் தண்ணீர் குடிப்பதில் கொஞ்சம் அடக்கம் வேண்டும்.

பேரம்

படகுக்காரர்கள் பெரும்பாலும் நிஷாத், மல்லா சமூகத்தவர்கள். தலைமுறையாக இதே தொழில். "பையா" (அண்ணா) என்று கூப்பிடலாம், வயதானவர் என்றால் "சாச்சா" (சித்தப்பா). அனுமான் காட், கேதார் காட் பக்கம் நம் முகத்தைப் பார்த்ததும் "வாங்கம்மா, போட் வேணுமா?" என்று தமிழிலேயே கேட்பார்கள். தமிழ் பேசுகிறாரே என்று உடனே தலையாட்டிவிட வேண்டாம், பேரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆட்டோக்காரரோ விடுதிப் பையனோ கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் அவர்கள் பங்கும் கூலியில் ஏறும். நேராகப் படித்துறைக்குப் போய் இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். விலைக்கு முன்னால் பேச வேண்டியவை இவை: எங்கிருந்து எங்கே, எவ்வளவு நேரம், ஆரத்தி முடியும்வரை நிற்பாரா, எங்கே இறக்கிவிடுவார், சொல்லும் தொகை ஆளுக்கா முழுப் படகுக்கா. கடைசிக் கேள்வியில்தான் நிறைய சண்டை வருகிறது. "பூரா நாவ் கா?" (முழுப் படகுக்கா?) என்று கேட்டு, தொகையை விரலில் காட்டியோ போனில் எழுதிக் காட்டியோ உறுதி செய்துகொள்ளுங்கள். பணம் இறங்கிய பிறகு. முன்பணம் கேட்டால் கொஞ்சம் கொடுக்கலாம், முழுதாக வேண்டாம். சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் படியில் நின்றுகொண்டு பாக்கி வாங்குவது சிரமம்.

பங்குப் படகும் உண்டு. ஆளுக்கு இவ்வளவு என்று ஏற்றுவார்கள், நிரம்பும்வரை கிளம்ப மாட்டார்கள். தனியாகப் போகிறவருக்கு மலிவு. ஆனால் நிரம்பிய பிறகும் ஆள் ஏற்றிக்கொண்டே இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள், கூச்சமே வேண்டாம். லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். மூலையில் குவித்து வைத்திருப்பது கணக்கில் சேராது, போட்டுக்கொள்ள வேண்டும். குழந்தைக்குப் பெரியவர்கள் அளவைப் போட்டால் தண்ணீரில் அது தலைவழியாகக் கழன்றுவிடும். சின்ன அளவு இல்லாத படகு என்றால் அடுத்ததைப் பாருங்கள்.

ஏறும் இடத்துக்குப் போவது

தசாஷ்வமேத் பக்கம் வண்டி கோதௌலியா முனையோடு நின்றுவிடும், மாலையில் அதற்கும் முன்பே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து கூட்டத்தில் நடை. அஸிக்கு அந்தத் தொல்லை குறைவு. ஈ-ரிக்‌ஷா படித்துறைக்குப் பக்கத்திலேயே விடும். கோதௌலியா வட்டாரத்துச் சத்திரங்களில் தங்கியிருந்தாலும் அஸிக்கு ரிக்‌ஷா பிடித்துப் போய் ஏறுவதுதான் உத்தமம், ஏனென்றால் திரும்பும்போது படகே உங்களை வீட்டுப் பக்கம் கொண்டுவந்து விடுகிறது. அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். காசிச் சந்துகளில் ஒரு காளை குறுக்கே நின்றால் ஊரே நிற்கும்.

படிகளில் வண்டல் மண் வழுக்கும். ரப்பர் அடி உள்ள செருப்பு போடுங்கள். படகில் ஏறும்போது ஒரு கையைப் படகுக்காரரிடம் கொடுத்து, நடுவில் கால் வையுங்கள். விளிம்பில் மிதித்தால் சாயும்.

வழியில் என்ன பார்ப்பது

வலப்பக்கம் மணல், இடப்பக்கம் ஊர். இடப்பக்கம் உட்காருங்கள்.

அஸியை விட்டதும் வருவது துளசி காட். துளசிதாசர் வாழ்ந்து மறைந்த இடம். கொஞ்சம் தள்ளி, கோட்டைச் சுவர்போல் எழும்பி நிற்பது சேத் சிங் காட். 1781-இல் காசி அரசர் சேத் சிங்கை ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் இங்கே காவலில் வைத்தான். அரசர் தலைப்பாகைத் துணிகளை முடிந்து கயிறாக்கி, ஜன்னல் வழியாக ஆற்றில் இறங்கித் தப்பிவிட்டார். படகில் இருந்து அந்த உயரத்தை நிமிர்ந்து பார்த்தால்தான் கதைக்கு எடை வரும்.

அடுத்து அனுமான் காட். நம்மவர்கள் இங்கே கொஞ்சம் நிறுத்தச் சொல்லலாம். தந்தை இறந்த பிறகு 1898-இல் அத்தை குப்பம்மாளிடம் வந்த பாரதி, இந்தப் படித்துறைக்குப் பின்னால் இருக்கும் சந்தில்தான் 1902 வரை இருந்தார். தலைப்பாகையும் மீசையும் அவருக்கு வந்து சேர்ந்தது காசியில்தான் என்பார்கள். வீடு படகிலிருந்து தெரியாது, மறுநாள் காலை நடந்து போய்ப் பாருங்கள். தென்னிந்தியர்கள் தலைமுறைகளாகக் குடியிருக்கும் வட்டாரம் இது. காஞ்சி மடத்துக் கோயிலும் இங்கே இருக்கிறது.

ஹரிச்சந்திர காட்டில் சிதை எரியும். இங்கும் மணிகர்ணிகாவிலும் கேமராவைக் கீழே வையுங்கள். போனையும்தான். அங்கே நிற்பது யாரோ ஒருவரின் மகன். படகுக்காரர் "எடுத்துக்கோ, ஒன்றும் சொல்லமாட்டார்கள்" என்றாலும் வேண்டாம்.

பிறகு கேதார் காட். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த படிகளும் சுவரும் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும். நம்மூர்க் கோயில் மதில் எப்படி இங்கே வந்தது என்று தோன்றும். தற்செயல் இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்த குமரகுருபரர் இங்கே மடம் அமைத்தார்; டில்லி ஆட்சியாளரிடம் பேசி இடம் பெற்றார் என்பது மரபுச் செய்தி. அந்த மடத்தின் வழிவந்ததுதான் இன்றைய திருப்பனந்தாள் காசி மடம். கேதாரேஸ்வரர் கோயில் நிர்வாகம் இன்றும் அவர்களிடம்தான். முழுப் பயணத்திலும் படகை நிறுத்தி ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டிய இடம் எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஒரு சின்னக் குறிப்பு. வீட்டில் பெரியவர்கள் சிலர், மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் சுடுகாட்டைக் கடந்து போவதை விரும்பமாட்டார்கள். வாதாட வேண்டாம். கேதார் காட்டிலிருந்து தசாஷ்வமேத் வரைக்கும் மட்டும் படகு பேசுங்கள். ஹரிச்சந்திர காட் கேதாருக்குத் தெற்கே நின்றுவிடுகிறது, மணிகர்ணிகா தசாஷ்வமேதுக்கு வடக்கேதான் வருகிறது. நடுவில் இருக்கும் துண்டில் சிதை எதுவும் இல்லை.

கேதாரைத் தாண்டினால் அரண்மனைகள். மேவார் ராணாக்களின் மாளிகை, தர்பங்கா அரசரின் மணற்கல் மாளிகை (இப்போது சொகுசு ஹோட்டல்), அகல்யாபாய் காட். விஸ்வநாதர் கோயிலை 1780-இல் திரும்பக் கட்டிய இந்தூர் ராணி இவர்தான். இந்தக் கட்டத்தில் விளக்குகள் ஏறத் தொடங்கியிருக்கும்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஆரத்திக்கு இன்னும் போதுமான நேரம் மிச்சம் இருந்து, மோட்டார் படகாகவும் இருந்தால், தசாஷ்வமேதைத் தாண்டிப் போய்த் திரும்பி வாருங்கள். மான் மந்திர் காட்டின் மாடியில் ஜெய்ப்பூர் அரசர் ஜெய் சிங் அமைத்த 18-ஆம் நூற்றாண்டு வானாய்வுக்கூடம் இருக்கிறது. லலிதா காட்டில் நேபாள அரசர் கட்டிய மரக்கோயிலும், 2021 டிசம்பரில் திறந்த விஸ்வநாதர் வளாகத்தின் கங்கைப் பக்க வாயிலும். மணிகர்ணிகாவில் நெருப்பு இரவும் பகலும் அணைவதில்லை. அதை ஒட்டியே, சிந்தியா காட்டுக்கு அருகில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் ரத்னேஸ்வரர் கோயில். வெள்ளத்தில் முழுகி, வண்டலில் புதைந்து, திரும்பவும் வெளியே வரும் கோயில் அது. பஞ்சகங்காவில் ஔரங்கசீப் காலத்து ஆலம்கீர் மசூதி படிகளுக்கு மேல் நிற்கிறது. கார்த்திகை மாதத்தில் இங்கே மூங்கில் கழிகளின் உச்சியில் கூடைக்குள் ஆகாச தீபம் ஏற்றுவார்கள்.

மணிகர்ணிகாவில் படகை ஒதுக்கி, "மேலே போய்ப் பார்க்கலாம், என் ஆள் விளக்குவார்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மேலே போனால் ஏழைகளின் சிதைக்கு விறகு தானம் என்று பெரிய தொகை கேட்டு மடக்குவார்கள். பாவம் புண்ணியம் பேசுவார்கள், குரல் உயரும். தானம் செய்ய விருப்பம் இருந்தால் உங்கள் சத்திரத்தில் விசாரித்துச் செய்யுங்கள்.

ஆரத்தி

தொடங்குவதற்கு இருபது நிமிடம் முன்பாவது தசாஷ்வமேதுக்கு வந்துவிடுங்கள். தாமதித்தால் பத்தாவது வரிசைதான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆரத்திகள் நடப்பதால், எதன் எதிரே நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் மாட்டினால் இரண்டும் அரைகுறை.

கரையா படகா என்று பலர் கேட்பார்கள். பூசை செய்பவர்கள் கங்கையைப் பார்த்து நின்றுதான் பெரும்பாலும் செய்கிறார்கள். படியில் உட்கார்ந்தவர்களுக்கு முதுகு, படகில் இருப்பவர்களுக்கு முகம். அடுக்கு தீபத்தைத் தூக்கிச் சுழற்றும்போது இது பெரிய வித்தியாசம். அதற்கு விலை நெரிசல். படகுகளை ஒன்றோடொன்று கட்டிவிடுவார்கள். டீ விற்கிறவரும் பூ விற்கிறவரும் படகுவிட்டுப் படகு தாவி வருவார்கள். மோதும்போது விரல் நடுவில் சிக்கலாம், குழந்தைகளின் கையைப் படகின் விளிம்பில் வைக்க விடாதீர்கள். யாராவது எழுந்து நின்று போனை உயர்த்துவார், பின்னால் இருப்பவர் கத்துவார், அது நடந்துகொண்டே இருக்கும். பிளாஷை அணைத்துவிடுங்கள். அந்தத் தூரத்துக்கு அது எட்டாது, பக்கத்துப் படகுக்காரர் கண்ணில்தான் அடிக்கும்.

இலைத் தொன்னையில் பூவும் திரியும் வைத்து விற்பார்கள். விடுவதென்றால் குடும்பத்துக்கு ஒன்று போதும். பிளாஸ்டிக், தெர்மாகோல் கிண்ணமாக இருந்தால் வாங்காதீர்கள். நீருக்கு எட்டக் குனியும்போது எல்லாரும் ஒரே பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புடவை முந்தானை, துப்பட்டாவில் கவனம் வேண்டும்.

இறங்குவது

ஆரத்தி முடிந்த கையோடு தசாஷ்வமேத் படியில் இறங்கினால் மொத்தக் கூட்டமும் உங்களோடு கோதௌலியாவுக்கு வரும். பர்ஸும் போனும் காணாமல் போவதும் இந்த நேரத்தில்தான். இரண்டு வழி இருக்கிறது. அவசரம் இல்லையென்றால் படகிலேயே கால் மணி நேரம் உட்கார்ந்திருங்கள், முன்னால் உள்ள படகுகள் கலையட்டும். தங்கும் இடம் தெற்குப் பக்கம் என்றால், கேதார் காட்டிலோ அஸியிலோ இறக்கிவிடும்படி முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எதிர்நீரில் போக வேண்டும் என்பதால் துடுப்புப் படகுக்காரர் கூடுதலாகக் கேட்பார், நியாயம்தான்.

இறங்கியதும் எல்லாரும் வந்துவிட்டார்களா என்று எண்ணிக்கொண்டு, பிறகு பணத்தைக் கொடுங்கள். பேசிய தொகைக்கு மேல் "குஷி சே" (சந்தோஷமாக) ஏதாவது கொடுங்கள் என்று கேட்பார். நன்றாக ஓட்டியிருந்தால் கொடுக்கலாம், கட்டாயம் இல்லை. அவருடைய போன் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் விடியற்காலை சூரியோதயம் பார்க்க வரவேண்டும் என்று தோன்றினால் புதிதாகப் பேரம் பேசும் வேலை மிச்சம்.